வாத்தியாரின் சுக்குக் கஷாயம்

விடிகாலையில், தருமபுரி காப்பி கிளப்பின் பின்வாசலில், பொன்னன் கையும் களவுமாக அகப்பட்டான். கையில் மூடிபோட்ட தூக்குப் போசி. மூடியை மீறிக் காப்பி மணத்தது.

பிடித்தவர் டிரில் வாத்தியார் குப்புராஜ். ஓட்டக்காரனுக்கு முதலில் நாக்கு அடங்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் காப்பியை விட்டுவிடுவதாகச் சத்தியம் வாங்கியவர். தானும் கூடவே சத்தியம் பண்ணி, எட்டு மாதமாக ஒரு சொட்டுத் தொடாதவர். அதை நாளைக்கு எட்டுத் தடவை சொல்லிக் காட்டுகிறவர்.

"யாருக்குடா இது?"

பொன்னன் வாய் திறக்கவில்லை. வத்தல்மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவன். மைல் ஓட்டத்தில் அவன் கிளப்பும் புழுதியைத்தான் மற்றவர்கள் பார்க்க முடியும். அடுத்த வாரம் சேலத்தில் ஜில்லாப் போட்டி. அதற்காகவே உயிரை வைத்திருந்தான்.

வாத்தியார் போசியை வாங்கி மண்ணில் கவிழ்த்தார்.

"நாக்கைக் கட்டத் தெரியாதவன் சேலத்துக்கு வர வேண்டாம்."

பையனுக்குக் கண் கலங்கியது.

வீட்டுக்கு வந்து மனைவி சென்னம்மாளிடம் பெருமையாகச் சொன்னார். அவள் வழக்கமான சுக்குக் கஷாயத்தை நீட்டினாள். குடித்தார். என்னவோ குறைந்தது.

முதல் மணி அடிப்பதற்குள் தலை தெறித்தது. மத்தியானத்துக்குள் இரண்டு பிரம்பு முறிந்தது.

சாயங்காலம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுருண்டவரிடம் சென்னம்மாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, காப்பிய வுட்ட மொத வாரமும் பிள்ளைங்கள இப்படித்தான அடிச்சீங்க? அத தாங்காமத்தான் அந்தப் பொன்னன் எங்கிட்ட வந்தான். அன்னைலேர்ந்து தெனமும் டிகாஷன் வாங்கியாறான். நான் கஷாயத்துல கலந்துடறேன். ஆறிப்போயிருமின்னு கிளப்புலேர்ந்து நம்ம வூடு வரைக்கும் ஒரு மைலும் ஓட்டந்தானுங்க."

குப்புராஜ் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறினார்.

மறுநாள் மைதானத்தில் எல்லோர் முன்னிலையிலும் பொன்னனைக் கூப்பிட்டார். பையன் திருந்திவிட்டான் என்றும், தான் மன்னித்துவிட்டதாகவும், சேலத்தில் அவனே ஓடுவான் என்றும் அறிவித்தார். சுயக்கட்டுப்பாட்டைப் பற்றி அரை மணி பேசினார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பிறகு அவனைத் தனியே ஒதுக்கிக் குரலைத் தாழ்த்தினார்.

"காலை ஓட்டத்தை மட்டும் விட்டுடாதேடா. டிகாஷன் இன்னும் கொஞ்சம் திக்கா இருக்கட்டும்."