வழி விடாத கொட்டகை

சவூதியிலிருந்து திரும்பிய கையோடு வாங்கிய பழைய ஜீப்பை நிறுத்திவைத்து, அதைச் சுற்றியே நெருக்கமாகப் பனங்கால் நட்டு, ஓலைக் கொட்டகை போட்டுவிட்டார் சேக் முகம்மது. செலவு மிச்சம். வழி விடத்தான் மறந்துபோனார்.

“இனி பறந்துதான் வெளிய வரணும் வே!” என்று சிரித்தார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி.

மலைக்காட்டுக்கு ஜீப்பில் கிளம்பும் கணவர் உயிரோடு திரும்புவாரா என்று தவித்துக்கொண்டிருந்த ரைஹானத், அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் பனங்கால்கள் நட்டபடியே நின்றன. மழையே காணாத ராதாபுரத்தில், ஜீப்பின் சக்கரங்களில் மட்டும் ஈர ஆற்றுமணல்.

சேக் முகம்மது கடப்பாரையோடு வந்தார். “ஒரு காலைப் பிடுங்கிட்டா வழி ஆயிரும்.”

“வேண்டாம் மச்சான், பிடுங்காதிய!” அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

வீடு திரும்பும்போதெல்லாம் அவளைக் கூப்பிட அவர் அடிக்கும் அதே இரட்டை ஹாரன், கொட்டகைக்குள்ளிருந்து ஒலித்தது.