கார்புரேட்டரில் ஒரு சிவப்புக் கோடு

"நீதாம்ப்பா ஏதோ பண்ணி விடுறே! நான் மறுபடி உன்கிட்டயே வரணும்ல?"

மெக்கானிக்கிடம் எரிந்து விழுந்தார் அவர். அப்பா ஓட்டிய பழைய கார். கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி என்ஜின் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தாலும், மறுநாளே சும்மா நிற்கும்போதுகூட உறுமி ஊரைக் கூட்டுகிறது.

"உங்க கண்ணு முன்னாடிதானே குறைச்சேன், சார்? வீட்லதான் யாரோ கை வைக்கிறாங்க."

"என் வீட்லயா? என்னைக் கேக்காம அங்க ஒரு துரும்பு அசையாது!"

இருந்தாலும் சந்தேகம் அரித்தது. பக்கத்து வீட்டுக்காரனாக இருக்குமோ? மறுபடி குறைத்து வாங்கி வந்த ராத்திரியே, மனைவியின் நெயில் பாலிஷால் ஸ்க்ரூமேல் கோடு போட்டு வைத்தார். யாராவது திருகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

காலையில் குளித்த கையோடு வந்து பானட்டைத் திறந்தார். கோடு போட்டது போட்டபடி இருந்தது. நிம்மதியாகத் தடவினார். விரலில் சிவப்பு ஒட்டியது.

ராத்திரி போட்டது இன்னுமா காயவில்லை?

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "ஏம்மா, கோடு காஞ்சிடுச்சா?"

வாசலில் நின்ற மனைவி நெயில் பாலிஷ் பிடித்த கையைப் பின்னால் மறைத்தாள்.

"எதுக்குடி இந்த வேலை?"

"சத்தம் குறைஞ்சா நீங்க வர்றது எப்படிங்க தெரியும்? தெருமுனையில கார் கத்தினாத்தான் மாமா டிவியை அணைக்கிறாரு, பொண்ணு சிரிப்பை நிறுத்துறா."