சத்தம் இல்லையென்றார்கள்

அகிலாண்டேஸ்வரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனை எடுத்தாள், வைத்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை, ஆனாலும் அடுப்படிக்குப் போய்விட்டு வந்தாள்.

கூடத்தில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு விசைத்தறி விடிந்ததிலிருந்து தடதடவென்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவிலேயே அதைக் குறை சொல்லாத ஒரே ஆள் அம்மா ஆவுடையம்மாள்தான். அவளுக்குக் காது போய்ப் பல வருஷமாயிற்று.

போனுக்குள் அப்பா இருந்தார்.

அதுவும் அசைகிற அப்பா! வீட்டில் இருப்பது ஒரே ஒரு கல்யாணப் போட்டோ. அதில் வைத்தியலிங்கம் வாத்தியார் கேமராவுக்குப் பயந்து விறைத்துக்கொண்டு நிற்பார். இதிலோ கையை ஆட்டுகிறார், தலையைச் சாய்க்கிறார், வாய் நிறையப் பேசுகிறார்.

அறுபதுகளில் சங்கரன்கோவிலுக்கு ஒரு கூட்டம் வந்தது. கிறிஸ்தவர்கள் தொடங்கிய ஒழுக்க மறுமலர்ச்சி இயக்கம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் வரலாம். பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் கொஞ்ச நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு மனசு உறுத்துகிறவர் எழுந்து, தான் செய்த தப்பைச் சபையில் சொல்ல வேண்டும்.

நெற்றி நிறைய விபூதியோடு அப்பா எழுந்தார். கரிவலம்வந்தநல்லூரில் வேறொரு பெண்ணிடம் தனக்கு ஒரு மகள் இருப்பதை அத்தனை பேர் முன்னால் சொன்னார்.

அம்மா அன்றைக்குப் போகவில்லை. அகிலா பிறந்து தீட்டுக்கூடக் கழிந்திருக்கவில்லை.

பிள்ளை பெற்ற உடம்பு, தெரிந்தால் தாங்க மாட்டாள் என்று தாத்தா ஒவ்வொருவர் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சினாராம். ஊர் வாயைப் பொத்திக்கொண்டது. அப்பாவும் அதன்பிறகு எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த ரகசியம் அகிலாவின் தலையிலும் தம்பி சங்கரசுப்புவின் தலையிலும் விழுந்தது. இன்றுவரை பொத்திப் பொத்திக் காத்து வருகிறார்கள்.

இப்போது அந்த இயக்கத்தின் பழைய படச்சுருளையெல்லாம் அவர்களுடைய ஆவணக் காப்பகத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். இணையத்தில் போடலாமா என்று குடும்பத்தாரின் சம்மதம் கேட்டுப் படத்தை அனுப்பியிருந்தார்கள். பேச்சைப் பதிந்த நாடா கிடைக்கவில்லை, படம் மட்டும்தான் மிச்சம் என்று காப்பகத்துப் பெண் வருத்தப்பட்டுக்கொண்டாள். அகிலாவுக்கோ கோமதியம்மனே நேரில் வந்து சொன்ன மாதிரி இருந்தது.

சத்தம் இல்லையென்றால் அம்மாவுக்குக் காட்டலாமே!

காலையிலேயே சென்னையில் இருக்கும் தம்பியை வீடியோவில் கூப்பிட்டாள். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். இருந்தால் என்ன, அவளுக்குத்தான் கேட்காதே.

"வேண்டாங்கேன். கரிவலத்துக் கதை தெரிஞ்சா அம்மா அந்த நிமிஷமே போயிருவா" என்று தம்பி திரையில் பதறினான்.

"ஏலே, அதுல சத்தமே இல்லங்கேன். எப்படிலே தெரியும்?"

சொல்லிவிட்டாளே தவிர, மத்தியானம் வரைக்கும் மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. மறுபடியும் போட்டுப் பார்த்தாள். சத்தம் இல்லைதான். இல்லாத சத்தத்தையும் பொத்தானை அமுக்கிக் குறைத்து வைத்தாள். கண்ணை மூடுவதற்குள் புருஷன் முகத்தை ஒரு தடவை பார்க்கட்டுமே, பாவம். அதையும் மறைக்க நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

விறுவிறுவென்று போய், அம்மாவின் மடியிலிருந்த பூண்டுச் சுளகை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் போனைக் கையில் கொடுத்தாள்.

அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். படம் ஓடியது. மைதானத்தில் அப்பா எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். பேசத் தொடங்கினார்.

அம்மா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அவளுடைய உதடுகள் மெல்ல அசைந்தன. அப்பாவின் வாய் குவிந்தபோது அவள் வாயும் குவிந்தது. அவர் வாய் மூடியபோது இவளும் மூடினாள்.

அகிலா அம்மாவின் வாயையே பார்த்தாள்.

காது போனதிலிருந்து அம்மா எல்லோர் வாயையும் பார்த்துத்தானே பதில் சொல்கிறாள்! சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டால் டக்கென்று சொல்கிறாளே, அது எப்படி என்று ஒரு நாளாவது யோசித்தோமா? காலையில் திரை முழுக்கத் தம்பியின் வாய் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது! அட, விளங்காத புத்தியே!

போனைப் பிடுங்கப் போனாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"கரிவலத்துக் கதைதான? அது எனக்குத் தெரியும்ட்டி. நீங்க ரெண்டு பேரும் என் முன்னாலதான எத்தனை வருஷமாப் பேசுதிய. இங்கன கடைசியில வேற என்னமோ சொல்லுதாக. அதைத் திரும்பப் போடு."

அகிலா படத்தைப் பின்னால் நகர்த்திப் போட்டாள். அப்பாவின் வாய் 'ஆ'வென்று திறந்தது, உடனே குவிந்தது.

"'ஆவுடை'ங்காக" என்றாள் அம்மா. "இப்பவே வீட்டுக்குப் போயி ஆவுடைகிட்டச் சொல்லப் போறேன்னு சொல்லுதாக."

படத்தில் அப்பா உட்கார்ந்துவிட்டார்.

அகிலாவுக்கு அப்பா மேல் ஆத்திரமாக வந்தது. ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்த மனுஷனுக்கு, பெண்டாட்டியிடம் சொல்ல ஒரு ஆயுசு போதவில்லையா? "சொல்லலியேம்மா" என்று வாயை மட்டும் அசைத்தாள்.

அம்மா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"சொல்லத்தான் அன்னிக்கு வந்தாக. வாசப்படியிலயே நின்னு 'ஆவுடை'ன்னு கூப்பிட்டாக. நீ அப்பத்தான் அழுது ஓஞ்சு கண்ண மூடியிருந்தே. சத்தம் காட்டாதீகன்னு நாந்தான்ட்டி வாயில வெரல வச்சேன்."