முதல் விலை

கண்ணாடிக் கதவு வழியே விழும் வெயிலில் ஏடிஎம் திரை மங்குகிறது. காய்கறிக் கடை நடத்தும் அண்ணி கைப்பையைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு படிக்கிறார். "நம்ம ரூபாய்க்கு மாத்தியே கழிச்சுக்கவான்னு கேக்கிறான், அவன் சொல்ற ரேட்டுக்கு." வெளியே டாக்ஸி உறுமிக்கொண்டு நிற்கிறது. ஓட்டுநர் கார்டு வாங்கமாட்டார். எங்களிடம் இந்த நாட்டுக் காசு ஒன்றுகூட இல்லை. "சரின்னு அமுக்குங்க அண்ணி" என்கிறேன். அண்ணியின் விரல் தயங்காமல் 'வேண்டாம்' பொத்தானில் இறங்குகிறது. நான் கத்தியே விடுகிறேன். "போச்சு, இனிமே பணமே வராது!" அண்ணி திரும்பக்கூட இல்லை. "முதல்ல சொல்ற விலைக்குத் தலையாட்டினா, நான் கடை நடத்தின மாதிரிதான்." இயந்திரம் உள்ளுக்குள் கடகடவென்று எதையோ புரட்டுகிறது, நிற்கிறது, பிறகு மொடமொடப்பான நோட்டுகளை நீட்டுகிறது; திரையில் 'உங்கள் வங்கியின் ரேட்டிலேயே கழிக்கப்படும்' என்று ஒரு வரி. அண்ணி நிதானமாக உருவிக்கொள்கிறார். "பாத்தீங்களா தம்பி, இறங்கி வந்துட்டான்."