கொன்னுருவேன்

பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கு. நீதிபதி நாற்காலியில் இருந்த இயந்திரம் ஆறு வயது ஜோவினிடம் கேட்டது: "அம்மா உன்னைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டியதுண்டா?"

"தெனமும் சொல்லுவாளே," என்று சிரித்தான் அவன். "சாப்பிடலன்னா, 'கொன்னுருவேன் பாத்துக்க'ன்னு."

அந்தச் சிரிப்பு இயந்திரத்தின் கணக்கில் ஏறவில்லை.

"ஐயா, அது சும்மா பேச்சுக்குச் சொல்லுததுய்யா!" என்று அவன் அம்மா ஸ்டெல்லா பதறினாள். பிள்ளை தகப்பனிடம் போனான். அவளுக்குக் கிடைத்தது, ஞாயிறுதோறும் மைக் பொருத்திய அறையில் ஒரு மணி நேரம்.

முதல் ஞாயிறே ஜோவின் அந்த அறையின் ஜன்னலில் ஏறி நின்றான். நாக்கு நுனிக்கு வந்த சொல்லை ஸ்டெல்லா விழுங்கினாள்.

"தயவுசெய்து இறங்கி வா, மகனே."

பையன் மிரண்டுபோய் இறங்கினான்.

"ஏம்மா, நான் இனிமே ஒன் புள்ள இல்லயா?"