பதில் சொல்லும் ஜெரால்டு

காய்ந்த துணியைத்தான் மறுபடி மறுபடி உதறுகிறேன். கொடிக்கு நேரே வின்சி வீட்டுச் சன்னல் இருந்தால் நான் என்ன செய்ய? சாயங்கால வெயில் விழும் மேசையில் இரண்டு லேப்டாப், நடுவே ஒரு நீல வயர். ஒன்று அவளுடையது. மற்றது போன மாதம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்ட அவள் புருஷன் ஜெரால்டுடையது. அதில் திரை பழுதாகி எரியவில்லை, உள்ளே மெஷின் மட்டும் ஓடுகிறது. அவன் பேசின வீடியோவெல்லாம் உள்ளே கிடக்கிறது. அவன் ஆபீஸ் ஆள் அதை வாங்கிப்போக வருவதற்குள் வயர் வழியாக எடுத்தாக வேண்டும். வயர் சேர்ந்ததா என்று பார்க்க, ‘இருக்கிறாயா’ என்று அந்த மெஷினைக் கேட்கும் கட்டளையைத் தன் லேப்டாப்பில் தட்டுகிறாள். அந்த மெஷினுக்கு ஜெரால்டு தன் பெயரையே வைத்திருந்தான், பெருமைக்காரன். “ஜெரால்டுகிட்டருந்து பதில்,” என்று வாய்விட்டு வாசிக்கிறாள். அடியில் அதே பதில் இன்னொரு வரி, இன்னொன்று; நிறுத்தும்வரை வந்துகொண்டே இருக்கும். உயிரோடு இருந்தபோது நாலு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை ‘ம்’ என்பான், தெருவுக்கே தெரியும். “ஆபீஸ் வண்டி வந்துருச்சு மதினி! அதை நிறுத்திட்டு வீடியோவ எடுங்க, காப்பி நான் போடுறேன்,” என்கிறாள் நாத்தனார் பெல்சி. “இரு புள்ள, இப்பத்தான் பதில் சொல்றாக.” வரிகள் ஏறுகின்றன; வின்சியின் விரல் நிறுத்தும் பொத்தானுக்கு மேலேயே நிற்கிறது. வாசலில் ஹாரன் அடிக்கிறது. கையிலுள்ள துணியை உதற எனக்கும் மனசு வரவில்லை.