சேற்று வாடை

சாவியை நீட்டிய நாசரின் கை பாதியில் நின்றது. “ஏசி போட்டப்ப சேத்து வாடை வந்துச்சுன்னா சொன்னீங்க, மேடம்?”

பூரணி தலையசைத்தாள். எல்லாச் சோதனைகளிலும் தேறியதாகச் சான்றிதழ் பெற்ற பழைய சொகுசுக் கார் அது. பழைய கார் விற்கும் நாசரை நம்பி வாங்கலாம் என்று ஊரே சொன்னதால்தான் வந்திருந்தாள்.

அவர் குனிந்து காலடி விரிப்பைப் பிய்த்தார். அடியில் வண்டல் காய்ந்து கிடந்தது.

“வெள்ளத்துல முங்குன வண்டி. பிரேக் எப்ப வேணாலும் காலை வாரிடும். இத எனக்கு வித்த ஆள்கிட்டயே வாங்குன இன்னொண்ண போன வாரம் வித்துட்டேனே! குடும்பத்தோட கொடைக்கானல் போயிருக்காங்க.”

அவர் கைபேசியை எடுத்து இரண்டு முறை தவறான எண்ணைத் தட்டினார். பூரணியே அதை வாங்கி, அவர் சொன்ன எண்ணை அழுத்தி அவர் காதருகே பிடித்தாள். வெகுநேரம் மணி அடித்தபின் ஒரு சிறுமி பேசினாள்.

“அப்பா வண்டி ஓட்டுறாங்க அங்கிள். மலை எறங்கிட்டு இருக்கோம்.”